காடு விற்காமல் வைத்தியம்: குடும்பத்துக்கு முதன்முறையாக மருத்துவக் காப்பீடு எடுப்பவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் காடு என்றால் வனம் அல்ல. சோளமும் கடலையும் விதைக்கிற மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். 2017-ல் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்தோம். அந்தச் செலவுக்கு, பல்லடம் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டை மூன்று வாரத்தில் வந்த விலைக்குக் கொடுத்தோம். மனுசர் பிழைத்துக்கொண்டார், அதுவே பெரிது. ஆனால் எங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கத் தகுதி இருந்ததா என்று அன்றைக்கு வீட்டில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. அந்த நினைப்பு இன்னும் மனதை அறுக்கிறது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெசவு ஓட்டுகிறார். எங்களைப் போன்ற குடும்பம் காப்பீடு என்று கேட்கப் போனால் முதலில் காதில் விழுவது ஒரு பெரிய தொகைதான். நான்கு பேருக்கு ஐந்து லட்சத்துக்கு, வருடம் பதினெட்டாயிரம் என்று எனக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் "சரி, அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். இப்படி எழுந்து வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தனியார் பாலிசியில் தொடங்காதீர்கள். ஏற்கெனவே உங்களுக்கு உரிமையாக இருப்பதை முதலில் வாங்குங்கள். அதற்குப் பிறகும் எந்தச் செலவு வந்தால் காடு விற்க வேண்டியிருக்குமோ, அதற்கு மட்டும் காசு கொடுத்துப் பாலிசி எடுங்கள்.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

வீட்டில் யாராவது ஒருவர் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவருக்கு ஈ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. மாற்றுத் திறனாளிக்கு இந்த வரம்பு 25,000. பீஸ் ரேட், வாரச் சம்பளம், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்பதெல்லாம் இதற்குத் தடை இல்லை. கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் அந்தப் பணத்துக்குக் கம்பெனிதான் பொறுப்பு. ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து "உனக்கு 21 ஆயிரம் தாண்டுது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தகுதி பார்க்கும்போது ஓவர்டைமைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி போடுவது 3.25 சதவீதம். மாதம் 16,000 வாங்குகிற ஒரு டைலரிடம் 120 ரூபாய் பிடிப்பார்கள், கம்பெனி 520 போடும். அந்த 120 ரூபாய்க்கு அவர், கணவர், பிள்ளைகள், அவரை நம்பியிருக்கிற பெற்றோர் எல்லாருக்கும் வைத்தியம் கிடைக்கும். "இத்தனை லட்சம் வரைதான்" என்று தனியார் பாலிசியில் இருப்பது போன்ற உச்சவரம்பும் இல்லை. 78 நாள் பணம் கட்டியிருந்தால், நோய்வாய்ப்பட்டு வீட்டில் இருக்கும்போது வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. இந்த விலைக்கு இப்படி ஒன்றை வெளியில் எங்கேயும் வாங்க முடியாது.

ஆனாலும் எங்கள் செக்சனில் ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, ஈ.எஸ்.ஐ பிடிச்சா கைக்கு வர்றது குறையுமுங்களே, வேண்டாமுன்னு எழுதிக் குடுத்திர்றேனுங்க" என்றாள். அப்படி எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொன்னேன். அடுத்த வருசம் அவளுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. ஈ.எஸ்.ஐயில்தான் செய்தாள், கடன் வாங்கவில்லை.

இதில் நீங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, உமங் செயலியிலோ ஈ.எஸ்.ஐ இணையதளத்திலோ பணம் உண்மையிலேயே ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு கட்டாமல் விட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் குடும்பத்தார் பெயர் ஒவ்வொன்றும் ஆதாரோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனதும் மனைவி பெயரை, குழந்தை பிறந்ததும் குழந்தை பெயரைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு பெயர் சேர்க்க முடியாது. காய்ச்சல், சளிக்கு உங்கள் பகுதி ஈ.எஸ்.ஐ மருந்தகத்துக்குப் போய் ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு வாங்குவதும் அங்கேதான் தொடங்கும்.

வரிசை நீளமாக இருக்கும், மருந்துக்குக் காத்திருக்க வேண்டும், அரை நாள் கூலி போகும். இதெல்லாம் உண்மைதான். சளிக்கு அங்கே போய் நிற்க மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெரிய வைத்தியத்துக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சம்பளம் கூடி 21 ஆயிரத்தைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ நின்றுபோகும். உடனே அல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு அரையாண்டுக் கணக்கு உண்டு, நடப்பு அரையாண்டு முடியும்வரை பிடிப்பார்கள். எனக்குச் சம்பளம் ஏறியபோது வீட்டில் பாயசம் வைத்தோம். காப்பீடு போய்விட்டது என்று ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது, அதுவும் கணக்கு எழுதுகிற எனக்கு! கூலி உயர்வு பேசும்போதே அடுத்து என்ன பாலிசி என்று யோசித்துவிடுங்கள்.

முதலமைச்சர் அட்டை

ஈ.எஸ்.ஐ இல்லாத குடும்பத்துக்கு அடுத்த படி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. பிரீமியம் முழுவதையும் அரசு கட்டிவிடுகிறது, உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாயும் இல்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் "உங்களுக்குக் கிடைக்காது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மறுபடியும் போய்க் கேளுங்கள்.

வேலை இந்த வரிசையில் நடக்கும். முதலில் ரேஷன் கார்டில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் இருக்கிறவர்கள்தான் இந்தத் திட்டத்துக்குக் குடும்பம். அடுத்து வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து மேலே அனுப்புவார். அதையும் ரேஷன் கார்டு, ஆதாரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். படம் எடுத்துப் பதிவு செய்து எண் கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

திண்டுக்கல், தேனி, மதுரை பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருந்தால் சான்றும் அட்டையும் ஊரில்தான் வாங்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கோ நோம்பிக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு வேலை நாளைச் சேர்த்து விடுப்பு எடுத்து முடித்துவிடுங்கள். அட்டை எந்த மாவட்டத்தில் வாங்கியதானாலும் தமிழ்நாடு முழுக்கச் செல்லும். வெளிமாநிலத்தார் இங்கே ஆறு மாதத்துக்கு மேல் இருந்து, தொழிலாளர் துறையின் சான்று பெற்றால் அவர்களும் சேரலாம்.

அட்டை கையில் இருந்தால் எந்த மருத்துவமனைக்கும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். திட்டப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. அதில் இல்லாத சிகிச்சைக்குப் பணம் வராது. மருத்துவமனையும் பட்டியலில் இருக்க வேண்டும். அதோடு, ஒரு மருத்துவமனை இதயத்துக்கு மட்டும் பட்டியலில் இருக்கலாம், எலும்புக்கு இல்லாமல் போகலாம். ஆகவே உள்ளே சேர்ப்பதற்கு முன்பே அங்கிருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில், இந்த நோய்க்கு இங்கே அட்டையில் செய்வார்களா என்று நேராகக் கேளுங்கள். "முதலில் பணம் கட்டுங்கள், அப்புறம் திரும்ப வரும்" என்று எங்கே சொன்னாலும், கட்டுவதற்கு முன் அந்த உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். இந்தத் திட்டம் பணமில்லாச் சிகிச்சைக்கானது.

அரசு மருத்துவமனையிலும் இந்த அட்டையைக் காட்டுங்கள். கோவை ஜி.எச்., பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 2022-ல் தொடங்கிய திருப்பூர், நாமக்கல் மருத்துவக் கல்லூரிகள், கரூர், சேலம் என்று நம் பக்கம் எங்கிருந்தாலும் ஒரு பெரிய அரசு மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இருபது வருசத்துக்கு முந்தைய ஜி.எச். நினைப்பை வைத்துக்கொண்டு அதை ஒதுக்காதீர்கள். நாங்கள் அன்றைக்கு ஒதுக்கினோம்.

சாலை விபத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கும். அட்டை, வருமானம் எதுவும் கேட்க மாட்டார்கள். அவிநாசி ரோட்டில் தினமும் பைக் ஓட்டுகிறவர் வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்

மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வருமானம் வந்தாலே முதலமைச்சர் அட்டை கிடையாது. சொந்தத் தறி, சொந்த லாரி, சின்னத் தோட்டம், கடை என்று இருந்தால் ஈ.எஸ்.ஐயும் கிடையாது. சோமனூர், பல்லடம் தறிக்காரர்களும் சங்ககிரி லாரிக்காரர்களும் பெரும்பாலும் இந்த நடுவில்தான் நிற்கிறார்கள். நானும் இங்கேதான். கஷ்டம் அதிகம் இங்கேதான் என்பேன், ஏனென்றால் இவர்களைப் பார்த்தால் வசதியானவர்களாகத் தெரியும், ஆனால் கையில் பணம் நிற்காது.

பாலிசி பார்ப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்து, நாளைக்கே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நிலத்தைத் தொடாமல் எவ்வளவு புரட்ட முடியும் என்று எழுதுங்கள். நகை அடமானம் எவ்வளவு வரும், சீட்டு எடுத்தால் எவ்வளவு, மச்சான் கொடுப்பது எவ்வளவு? எங்கள் கணக்கில் இரண்டு லட்சம் வந்தது. அப்படியானால் எங்களுக்குக் காப்பீடு கட்டாயம் வேண்டியது இரண்டு லட்சத்துக்கு மேலே இருக்கும் பகுதிக்குத்தான்.

இதற்கென்றே சூப்பர் டாப்-அப் என்று ஒரு வகைப் பாலிசி இருக்கிறது. முதல் இரண்டு அல்லது மூன்று லட்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, அதற்கு மேல் போவதை நிறுவனம் கொடுக்கும். அடிக்கடி வருகிற சின்னச் செலவு அவர்கள் தலையில் விழாததால் கட்டணம் நன்றாகக் குறையும். வெறும் டாப்-அப் என்று இன்னொன்று உண்டு, அது ஒவ்வொரு முறை சேரும்போதும் தனித்தனியாக அந்த வரம்பைத் தாண்ட வேண்டும் என்று கேட்கும். பெயரில் சூப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முழுப் பாலிசியே வேண்டும், ஆனால் எதை நம்புவது என்று தெரியவில்லை என்றால் ஆரோக்கிய சஞ்சீவனி என்று கேளுங்கள். 2020-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டுவந்த பொதுவான பாலிசி இது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான், கட்டணம் மட்டும் மாறும். அதனால் நான்கு இடத்தில் விலை கேட்டு ஒப்பிடுவது சுலபம். இதில் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் நம் பங்கு. இரண்டு லட்சம் பில் என்றால் பத்தாயிரம் நாம் கட்ட வேண்டும். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதுவும் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது.

அறை வாடகையை நான் லேசாக எடுத்துக்கொண்டு பட்டேன். 2022-ல் மகனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. எங்கள் பாலிசி மூன்று லட்சம், அறைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000. நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை. அதிகமான 3,000-ஐ மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்று நினைத்தோம். அப்படி இல்லை. அறை இரண்டு மடங்கு என்பதால் டாக்டர் பீஸ், தியேட்டர் செலவு எல்லாவற்றையும் பாதியாக்கினார்கள். பாலிசித் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது, நாங்கள் படிக்கவில்லை. சேரும்போதே, எங்கள் பாலிசிக்கு எந்த அறை பொருந்துமோ அதை மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மூன்று நாள் பொது வார்டில் இருந்தால் யாருக்கும் மானம் போகாது.

கட்டணத்தைக் குறைக்க இன்னும் சில வழிகள்:

வயதான பெற்றோரைப் பிள்ளைகளோடு ஒரே பாலிசியில் போடாதீர்கள். குடும்பப் பாலிசியில் மூத்தவர் வயதை வைத்துத்தான் விலை. பெரியவர்களுக்குத் தனியாக எடுங்கள், அல்லது முதலமைச்சர் அட்டைக்குத் தகுதி இருக்கிறதா பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் விலை கேட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் இன்னொரு முறை கேளுங்கள்.

மாதத் தவணை, காலாண்டுத் தவணை கேட்டால் கொடுப்பார்கள். கட்டத் தவறினால் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றதற்கு 30 நாள் அவகாசம். ஆண்டுப் புதுப்பிப்பு தள்ளிப்போனால் அந்த 30 நாளில் பாலிசி செத்துப்போகாது, ஆனால் அந்த இடைவெளியில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் வராது.

பாலிசி தொடங்கும் தேதியை உங்கள் வீட்டில் பணம் வரும் காலத்தோடு சேர்த்து வையுங்கள், இது யாரும் சொல்லித்தராத விஷயம். பனியன் கம்பெனிக் குடும்பம் என்றால் நவம்பர் கடைசி, தீபாவளி போனஸ் கையில் இருக்கும். மஞ்சள்காரர்களுக்கு அறுவடை முடிந்து மூட்டை விற்ற பிறகு. மாடு வைத்திருப்பவர்கள் ஒரு மாட்டின் பால் பணத்தைத் தனிக் கணக்கில் விழ வைக்கலாம். நாங்கள் ஜூன் மாதத்தில் எடுத்து, பள்ளிக்கூடப் பீசும் பிரீமியமும் ஒன்றாக வந்து நின்று திணறினோம்.

வீட்டில் மாதாமாதம் போகும் மருந்துச் செலவைக் குறைத்தால் பிரீமியத்துக்கே வழி பிறக்கும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. முதல்வர் மருந்தகம், ஜன் ஔஷதி கடைகளில் விலை குறைவு. டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள்

சர்க்கரை இருக்கிறது என்று எழுதினால் விலை கூடும் என்று ஏஜென்ட் சொல்லலாம். எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டுதான் காத்திருப்பு. மறைத்து, பிறகு கண்டுபிடித்தால் கட்டிய பணமும் போய் பாலிசியும் போகும். விபத்து தவிர எதற்கும் முதல் 30 நாள் பணம் வராது. ஹெர்னியா, மூலம், கண்புரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இதனால்தான் நோய் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. தொடர்ந்து 5 ஆண்டு கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, "முன்பே சொல்லவில்லை" என்ற காரணம் சொல்லி மறுக்க முடியாது. அதனால் ஒரு வருடம்கூட விடாதீர்கள்.

பாலிசித் தாள் வந்ததும் 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சில கழிவுகள் போகப் பணம் திரும்பி வரும்.

வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது விபத்தில் உயிரோ உறுப்போ போனால் இரண்டு லட்சம் வரை தரும் திட்டம். 436 ரூபாய் பிடிப்பது ஆயுள் காப்பீடு. இரண்டுமே இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டிலும் ஒரு பைசா வராது.

பணம் தர மறுத்தால்

பணமில்லாச் சிகிச்சைக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. தாமதமானால் இதைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவை இல்லை. நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதற்கெல்லாம் பில், டிஸ்சார்ஜ் சுருக்கம், பரிசோதனை அறிக்கை ஒவ்வொன்றும் கையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பாலிசி எண், அத்தையின் முதலமைச்சர் அட்டை எண், உதவி எண்கள், பக்கத்தில் எந்த மருத்துவமனை எதற்குப் பட்டியலில் இருக்கிறது, எத்தனை ரூபாய் அறை வரை எடுக்கலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் மகள் எழுதியது. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருக்கும்போது வீட்டில் இருப்பது அத்தையும் பிள்ளைகளும்தான், அதனால் அந்தத் தாளை அத்தையை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.